டான்ஸர் வராத மலை

2024 ஜனவரி 9

எங்கள் சாப்பாட்டுக் கடையின் மாடி அறைக்குக் குடிவந்தவர் யார் என்று இன்றுதான் தெரிந்தது. விக்னேஸ்வரி. பல்கலைக்கழக விடுதியில் இரவெல்லாம் நாங்கள் பார்த்த ஆல்பம் பாட்டுகளில் பாதி இவர் எடுத்தவை. கேட்ட பாட்டுகள் என்று எழுத வரவில்லை. பார்த்தோம், அவ்வளவுதான். ஒரு பாட்டில் மழை நின்ற பிறகான பேருந்து நிலையம் வரும். பாடியவர் பெயர் மறந்துவிட்டது. அந்த ஈரத் தரை மறக்கவில்லை.

அத்தாவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. கல்லாவில் உட்கார்ந்தபடி என்னிடம் சொன்னார்: "பாட்டுப் படம் எடுக்குற பொண்ணுன்னாங்க. கேமராவையே காணோம். காலையில வந்து சன்னல் பக்கம் உக்காந்தா மத்தியானம் வரைக்கும் ஒரே பார்வை. எதிர்ல இருக்குறது பேங்க்கு லா. அதுல என்ன பாக்குது?"

நான் ரொட்டிச் சானாயைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் நிமிர்ந்து நன்றி சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவு முட்டாள்தனமான மௌனம்.


ஜனவரி 14

பேசிவிட்டேன். "நீங்க ஏன் எடுக்குறத நிறுத்திட்டீங்க?" — இதைவிட மோசமான முதல் கேள்வி இருக்க முடியாது.

அவர் சிரித்தார். "நிறுத்தல மா. மெதுவாக்கிட்டேன்."

கிள்ளானில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் கடையில் தொடங்கியவராம். பிறகு பாட்டுகள். நூறுக்கு மேல். பதினான்கு வருடம். "மூணு செக்கண்டுக்கு மேல ஒரு ஷாட்ட வச்சா தயாரிப்பாளர் நெளிவார். அப்புறம் எனக்கே நெளிய ஆரம்பிச்சிடுச்சு. எங்கம்மா சாப்பிடுறத மூணு செக்கண்டுக்கு மேல என்னால பாக்க முடியல. அன்னிக்குத்தான் பயந்தேன்."

மடிக்கணினியைத் திறந்து ஒன்றைக் காட்டினார். இரண்டு வருடத்துக்கு முன் பினாங்கில் சின்னக் காட்சிக்கூடம் ஒன்றில் வைத்தது. அவருடைய முதல் கலைப்படைப்பு. தன் பழைய பாட்டுகளில் பயன்படுத்தாமல் எறிந்த துண்டுகளை மட்டும் சேர்த்திருக்கிறார். தெரியாமல் படத்துக்குள் நடந்து வந்துவிட்டவர்கள். குப்பை அள்ளுகிறவர். பள்ளிப் பையோடு ஒரு சிறுமி. ஐஸ் மூட்டை சுமப்பவர். ஒவ்வொருவரும் உள்ளே வருகிறார்கள், கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அசைகிறது, திடுக்கிட்டு வெளியே போகிறார்கள். ஒருவர் பின் ஒருவராக. இசை இல்லை.

கடைசித் துண்டு இங்கே எடுத்தது. தேயிலை மலை. நாயகி சுழல்கிறாள். பின்னால் முதுகில் கூடையோடு ஒரு பெண். கை அசைகிறது. அந்தப் பெண் அவசரமாகக் குனிந்து செடிகளுக்குள் மறைந்துகொள்கிறார்.

"அந்தக் கை யாரோடது அக்கா?"

"யாரோடதுன்னு நினைக்கிற?"


ஜனவரி 15

தூக்கம் வரவில்லை. தன் கையைத் தானே காட்சிக்கு வைத்த ஒருவர் என் தலைக்கு மேலே, மாடியில் நடந்துகொண்டிருக்கிறார்.


ஜனவரி 22

இனி நான் அவருடைய உதவியாள். காலை வியாபாரம் முடிந்த பிறகு மட்டும். அத்தா ஒத்துக்கொண்டது எனக்கே வியப்பு. அம்மாதான் பேசியிருக்க வேண்டும்.

திட்டத்தை இன்று சொன்னார். எங்கள் கடையின் உணவுப் பட்டியல் அட்டையை எடுத்துக் கையை நீட்டி மலைப் பக்கமாகப் பிடித்தார். "இது மாதிரி ஒரு செவ்வகம். மலை மேல. அவ்வளவுதான்."

தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை இடுப்பளவுக்குக் கீழே வெட்டிவிடுவார்கள். கவ்வாத்து என்பார்கள். வெட்டிய இடம் பழுப்பாக, குச்சி குச்சியாக நிற்கும். சில மாதங்களில் துளிர்த்துத் திரும்பவும் பச்சையாகும். எஸ்டேட்டின் ஏழாம் நம்பர் மலை முறைப்படி இந்த வருடக் கடைசியில் கவ்வாத்துக்கு வருகிறது. அதில் நடுவில் ஒரு செவ்வகத்தை மட்டும் இப்போதே வெட்டுவது. சினிமாத் திரை அளவு விகிதத்தில். எதிர்ப்பக்கம் போகும் ரோட்டிலிருந்து பார்த்தால் பச்சை மலையில் ஒரு பழுப்புத் திரை. அது மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் துளிர்த்து, இருந்த இடம் தெரியாமல் மறையும். அந்த மறைதலை எதிர் ரோட்டிலிருந்து ஒரே கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். அக்டோபரில் கோலாலம்பூரில் கண்காட்சி.

"உள்ளே என்ன வரும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வராது. இல்லாட்டி யாராச்சும் வருவாங்க."

எழுதும்போது எளிமையாக இருக்கிறது. அவர் சொன்னபோது எளிமையாக இல்லை.


பிப்ரவரி 5

எஸ்டேட் மேனேஜர் தர்மேந்திரன் சம்மதித்துவிட்டார். முப்பத்தைந்து வயதுகூட இராது. லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், இன்னும் துரை என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதைக் கேட்டால் அவருக்குக் காது சிவக்கிறது. விக்கியக்காவின் இரண்டு பாட்டு அவருடைய கல்யாண விருந்தில் ஓடியதாம். அதுதான் சம்மதம்.


பிப்ரவரி 13

ஈப்போவிலிருந்து நில அளவையாளர் யுவனேஸ்வரன் வந்தார். மலை சரிவு. மலையில் கோணலாக வெட்டினால்தான் ரோட்டிலிருந்து நேராகத் தெரியும். முக்காலி, கண்ணாடி, ஆரஞ்சு நிற மேலாடை, சிவப்பு நாடா கட்டிய முளைக்குச்சிகள். இங்கே பாதி ஹோட்டல்களுக்கு இவர்தான் அளந்தாராம்.

"இத்தன வருஷத்துல கோணலா அளந்து குடுங்கன்னு கேட்ட மொத ஆளு நீங்கதான் மேடம்."

"கோணலா இல்ல சார். நான் நிக்கிற எடத்துலேர்ந்து நேரா."

அக்கா நாலு முறை குச்சியைப் பிடுங்கி நட வைத்தார். யுவனேஸ்வரன் ஐந்தாவது முறை முணுமுணுத்தார். அக்கா கேட்காத மாதிரி இருந்தார். பிடிவாதம் என்று சொல்வதா? எனக்கு இரு மூலைகளும் ஒன்றாகத்தான் தெரிந்தன. அவருக்கு அப்படித் தெரியவில்லை. அதனால் எனக்கும் அப்படித் தெரியவில்லை என்று ஆகிவிட்டது.


பிப்ரவரி 21

வெட்டு தொடங்கியது. மணியம்மா தலைமையில் ஒரு குழு. வேலை வாங்குபவருக்குக் கங்காணி என்று பெயர், இவர் பெண் கங்காணி. ஐம்பது வயது. குரல் இரண்டு மலை தாண்டும். கவ்வாத்து மெஷினைத் தோளில் மாட்டியவர்களில் பாதிப் பேர் வங்காளதேசத்துக்காரர்கள். அவர்களையும் தமிழில்தான் திட்டுகிறார். அவர்களும் தமிழில்தான் சிரிக்கிறார்கள்.

என்னைப் பார்த்ததும், "ஈசா பாய் மகதானே நீ? கடையில உக்காந்து புத்தகம் படிக்கிற பொண்ணு. இங்க எங்க வந்தே?"

"படத்துக்கு அக்கா."

"ஓ, ஷூட்டிங்கா! எந்தப் பாட்டு? ஹீரோ யாரு?"

விக்கியக்கா முந்திக்கொண்டு, "பாட்டு இல்ல. படம் மட்டும்" என்றார்.

மணியம்மாக்கா தலையாட்டினார். நம்பிய தலையாட்டல் இல்லை. ரகசியத்தைக் காப்பாற்றுகிறேன் என்கிற தலையாட்டல்.


பிப்ரவரி 26

முடிந்தது. எதிர் ரோட்டுக்குப் போய்ப் பார்த்தோம்.

எப்படி எழுத. மலையில் ஒரு செவ்வகமான அமைதி. சுற்றிலும் பச்சை அலையலையாகப் போகிறது, வந்து அந்த விளிம்பில் நின்றுவிடுகிறது. உள்ளே பழுப்பு. பாலைவனப் பழுப்பு இல்லை. காய்ச்சிய தேயிலைச் சக்கையின் நிறம். நான் இந்த ரோட்டில் பள்ளிப் பேருந்தில் பதினோரு வருடம் போயிருக்கிறேன். மலையைப் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். செவ்வகத்தைப் பார்க்கவில்லை, அதைச் சுற்றியிருந்த மலையைப் பார்த்தேன். இதை அவரிடம் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. "இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

சொன்னேன். திரும்பிக்கொண்டார். காற்றில் கண் கலங்கியதாக வைத்துக்கொள்ளலாம்.

கியா பார்முக்குப் போகும் சுற்றுலா வேன் ஒன்று எங்கள் பக்கத்தில் நின்றது. டிரைவர் இறங்கி மலையைப் பார்த்து, "ஹெலிபேடா?" என்றார்.


மார்ச் 3

நான் ஒருவரை வியந்துகொண்டே இருப்பது என் சோம்பலா? எழுத வேண்டியதை எழுதாமல் இருப்பதற்கு ஒரு வழியா? விடை எழுதவில்லை. நாளை கேமராவுக்கு மழை மறைப்பு கட்ட வேண்டும்.


மார்ச் 5

தம்பி சைஃபுல் கடைக்கு வந்த செய்தியைக் கொண்டுவந்தான். எஸ்டேட்டை விற்றுவிட்டார்களாம். கோலாலம்பூர் தவுக்கே, பெரிய முதலாளி ஒருவர், வாங்கிவிட்டாராம். ஏழாம் நம்பரில் ஹோட்டல் வரப்போகிறதாம். இடம்கூட வெட்டிவிட்டார்களாம்.

"யார் சொன்னது?"

"எல்லாரும். அளக்குறவரு வந்தாரு, குச்சி நட்டாரு, வெட்டுனாங்க. வேற என்ன லா வேணும்?"

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.


மார்ச் 7

சிரித்திருக்கக் கூடாது.

இன்று லயத்தில் யாரும் வேலைக்கு இறங்கவில்லை. ஆபீசு வாசலில் நின்றிருக்கிறார்கள். எஸ்டேட் கைமாறினால் லயத்து வீடும் போகும். இது யாருக்கும் விளக்க வேண்டிய விஷயம் இல்லை. மணியம்மாக்காவின் தங்கை குடும்பம் கீழே ஒரு எஸ்டேட்டில் அப்படித்தான் சாமான்களோடு ரோட்டுக்கு வந்தது. அம்மா சொன்னார்.

பதினொரு மணிக்கு மணியம்மாக்காவே கடைக்கு வந்தார். மூன்று பேர் கூட வந்தார்கள். சன்னல் மேசைக்கு நேராகப் போனார்.

"டைரக்டரம்மா. ஷூட்டிங்குன்னீங்க. ரெண்டு வாரமாச்சு. டான்ஸர் எங்க? ஹீரோ எங்க? ஜெனரேட்டர் லோரி எங்க?"

"நான் அப்பவே சொன்னேன் அக்கா, பாட்டு இல்லன்னு…"

"பாட்டு எடுக்குறவங்க பாட்டு இல்லங்குறீங்க. மேனேஜர் விக்கலைங்குறாரு. அளந்தது யாரு? யுவனேஸ்வரன். அந்த மனுசன் வந்த எடத்துல கட்டடம் வராம இருந்திருக்கா? நீங்களே சொல்லுங்க."

அக்கா மடிக்கணினியை மூடினார்.

"எங்க கையால வெட்டிக் குடுத்தோம்மா. அதுதான் வயித்தெரிச்சல். எங்க கையாலயே."

அத்தா தே ஆற்றுவதை நிறுத்திவிட்டார். விக்கியக்கா எழுந்து நின்று, "அது கலை… ஒரு படைப்பு…" என்று தொடங்கினார். அவர் வாயிலேயே அந்தச் சொல் உதிர்ந்தது. நான் பார்த்தேன்.


மார்ச் 8

தர்மேந்திரன் மேலிடத்திலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்டார் போல. பதினெட்டாம் தேதி, திங்கட்கிழமை, ஏழாம் நம்பர் மலையில் மிச்சம் இருப்பதையும் வெட்டிவிட உத்தரவு. முழு மலையும் பழுப்பானால் செவ்வகம் இல்லை. செவ்வகம் இல்லையென்றால் ஹோட்டல் இல்லை. வழக்கமான கவ்வாத்து.

"மன்னிச்சிருங்க மேடம். எனக்குப் பிடிச்சிருந்துச்சு. நெஜமா."

எட்டு மாதம் மெல்ல மறைய வேண்டியது ஒரு நாளில் அழியும். அக்டோபருக்கு அவர் கையில் ஒன்றும் இராது.


மார்ச் 9

ஒரு வழி வந்திருக்கிறது. அவருடைய பழைய தயாரிப்பாளர் ராதாகிருஷ்ணன் போனில் வந்தார். அக்கா போனை ஒலிபெருக்கியில் போட்டார், எனக்கும் கேட்டது. பெரிய பாட்டு ஒன்று. நடிகர் தயார். இடம் தேடுகிறார்கள். யாரோ ரோட்டிலிருந்து எடுத்த செவ்வகத்தின் படம் அவர் கைக்குப் போயிருக்கிறது.

"விக்கி, அது டான்ஸ் ஃப்ளோர் லா! மலை மேல நேச்சுரல் டான்ஸ் ஃப்ளோர்! நீயே எடு. ரெண்டு நாள். நாப்பது டான்ஸர் அனுப்புறேன்."

போன் வைத்த பிறகு இருவரும் ஒன்றையே நினைத்தோம். நாற்பது டான்ஸர்கள் மலையில் ஏறினால் வதந்தி அன்றே முடிந்தது. "பாத்தியா, ஷூட்டிங்தான்" என்று லயமே நிம்மதியாகும். மேனேஜர் உத்தரவை மாற்றுவார். செவ்வகம் நிற்கும். அக்டோபரும் நிற்கும்.

நான் சொன்னேன்: "எடுத்துடுங்க அக்கா. ரெண்டு நாள்தானே."

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. அதைவிட மோசமானது ஏதோ.

"எடுத்தா அது டான்ஸ் ஃப்ளோர் ஆயிடும் ஃபாரா. அதுக்கப்புறம் எத்தன மாசம் நின்னாலும் அது டான்ஸ் ஃப்ளோர்தான்."

"எடுக்கலன்னா ஒண்ணுமே இல்லையே!"

"ஆமா" என்றார்.

கீழே வந்து பாத்திரம் கழுவினேன். நான் படித்த பெரிய பெரிய சொற்களெல்லாம் எங்கே போயின? முதல் நெருக்கடியிலேயே டான்ஸரைக் கூப்பிடச் சொன்னவள் நான்.


மார்ச் 10

ராதாகிருஷ்ணனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மாடியில் நடை. போகிறது, வருகிறது.

அவர் ஒத்துக்கொள்வார் என்று பயமாக இருக்கிறது. நான்தான் ஒத்துக்கொள்ளச் சொன்னேன்.


மார்ச் 12

முதல் நோன்பு. அக்கா மறந்துபோய் எனக்குத் தே வாங்கி வைத்திருந்தார். பிறகு அவரே இரண்டையும் குடித்தார். ராதாகிருஷ்ணனிடம் முடியாது என்று சொல்லிவிட்டாராம். அந்த ஆள் சிரித்தாராம்: "ஒரு வருஷம் கழிச்சு வருவே."


மார்ச் 14

லயத்துக் கோயில் மண்டபத்தில் கூட்டம். தானே போய்ப் பேசுகிறேன் என்று அவர்தான் கேட்டது. நானும் போனேன். நோன்பு திறந்த கையோடு, பேரீச்சம்பழ ஒட்டல் விரலில்.

வரிசை வரிசையாகக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். அவர் நின்றுகொண்டுதான் பேசினார். நூறு பேரை ஆட்டுவித்தவர். மைக் இல்லாமல் மொட்டை மாடிகளில் ஆட்களை நகர்த்தியவர். இங்கே தூணைப் பிடித்துக்கொண்டார்.

"திங்கட்கிழமை அத அழிக்கப் போறாங்க. அழிக்கப் போறது நீங்கதான். நான் தடுக்க வரல. எதிர் ரோட்டுல கேமரா வைக்கலாமான்னு கேக்க வந்தேன்."

பின்வரிசையிலிருந்து ஆண்டியப்பன் என்கிற பெரிய மீசைக்காரர்: "எதுக்கு? ஹோட்டல்காரனுக்கு அனுப்பவா?"

சிரிப்பு. நல்ல சிரிப்பு இல்லை.

"இங்க ஒரு தடவ பாட்டு எடுத்தேன். ஆறு வருஷம் முன்னால. அப்ப ஒருத்தவங்க கூடையோட பின்னால நடந்து போனாங்க. நான் கையக் காட்டி வெரட்டுனேன். ஒளிஞ்சிக்கிட்டாங்க. அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. இங்கயே இருக்காங்களோ என்னமோ." நிறுத்தினார். "நான் எடுத்த எல்லாப் பாட்டுலயும் மலை இருக்கு. வேல செய்யுற ஒரு ஆளு இல்ல. அதத்தான் எடுக்கணும். நடிக்க வேண்டாம். எந்தப் பக்கம் ஆரம்பிக்கணும், எப்ப முடிக்கணும், எல்லாம் நீங்க வழக்கமா செய்றபடி."

பிறகு ஒரு பெண் குரல்: "அப்ப நாங்கதான் டான்ஸரா?"

மண்டபமே வெடித்தது. இந்த முறை நல்ல சிரிப்பு. ஆண்டியப்பன் மீசையைத் தடவிக்கொண்டு, "அப்ப ஹீரோ யாருன்னு சொல்லவே வேணாம்" என்றார். பக்கத்தில் இருந்தவர் அவர் தலையில் தட்டினார்.

மணியம்மாக்கா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்தார். "ஹோட்டல் வரலைன்னு நீங்க சத்தியம் பண்ண வேண்டியதில்ல. முழுசா வெட்டுனா எங்களுக்கே தெரியும். கேமரா வச்சிக்கோங்க. ஆனா நிறுத்து, மறுபடி நடன்னு ஒரு சத்தம் வந்துச்சு — மெஷினக் கீழ போட்டுட்டுப் போயிடுவேன்."

"வராது அக்கா."


மார்ச் 18

எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

விடியும் முன்பே எதிர் ரோட்டில். அத்தாவின் கெரேத்தாவை ரோட்டோரம் நிறுத்தி அதன் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்தோம். ஏழு மணிக்கு அவர் பொத்தானை அழுத்தினார். பிறகு கைகளைக் குளிர்ச்சட்டைப் பைகளில் விட்டுக்கொண்டார்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பச்சையில் பழுப்புச் செவ்வகம், அவ்வளவுதான். பிறகு மேல் விளிம்பில் புள்ளிகள். தலைக்கட்டுகள். வரிசை கட்டினார்கள். நான் நினைத்தேன், விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக வெட்டிப் போவார்கள் என்று. இல்லை. முதலில் எல்லோரும் செவ்வகத்துக்குள் இறங்கினார்கள். ஏற்கனவே வெட்டிய இடம். வேலையே இல்லாத இடம். குறுக்கே நடந்தார்கள். குச்சிகளைக் குனிந்து பார்த்தபடி, தொட்டபடி, ஏதோ பேசியபடி. துளிர் விட்டிருக்கிறதா என்று பார்த்திருப்பார்கள். வெட்டியவர்கள் பார்க்காமல் போவார்களா? அந்தப் பழுப்பில் ஒவ்வொரு உருவமும் தனித்தனியாகத் தெரிந்தது. நீலச் சட்டை. மஞ்சள் தலைத்துண்டு. ஆண்டியப்பன் நட்ட நடுவே நின்று எங்கள் பக்கம் பார்த்து மீசை முறுக்கினார், சத்தியமாக.

அக்காவைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு பிரிந்து நான்கு விளிம்புக்கும் போனார்கள். மெஷின் சத்தம் பள்ளத்தைத் தாண்டி வந்தது. விளிம்பு ஒரு பக்கம் கரையத் தொடங்கியது. நேர்க்கோடு பல்லாகி, பல் விழுந்து, பரவியது. யுவனேஸ்வரன் ஐந்து முறை நட்ட மூலை அரை மணி நேரத்தில் போயிற்று.

ஒன்பதரைக்கு மூடுபனி. முழுவதுமாக. மலை இல்லை. வெள்ளை மட்டும். சத்தம் மட்டும். மெஷின்கள், நடுவில் மணியம்மாக்காவின் திட்டு. நான் அக்காவைப் பார்த்தேன். எந்த இயக்குநரும் இந்த இடத்தில் நிறுத்துவார். அவர் வாய் திறந்தது. நான் கண்ணால் கண்டேன், நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது. பதினான்கு வருடப் பழக்கம். வாயை மூடிக்கொண்டார். ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார். வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் உட்கார்ந்தேன். பசி, குளிர், தாகம். வேறெங்கும் இருக்க விரும்பவில்லை.

பனி விலகியபோது செவ்வகம் எங்கே இருந்தது என்று தேட வேண்டியிருந்தது. அப்போதும் அவர் நிறுத்தவில்லை. கடைசி ஆள் மெஷினை இறக்கி, சிரமப்பட்டு முதுகை நிமிர்த்தி, கீழே லோரிக்குப் போகும் வரை. மலை காலியாகி, அதற்கும் பிறகு கொஞ்ச நேரம்.

பொத்தானை அழுத்தினார். "கட்" என்று சொல்லவே இல்லை.


மார்ச் 19

இரண்டு பேரும் நோன்புக் கஞ்சி குடித்தோம். அவர் நோன்பு இல்லை. இருந்தாலும் பள்ளிவாசல் பாங்கு ஒலிக்கும் வரை காத்திருந்தார்.


மார்ச் 25

லயத்தில் வதந்தி அடங்கியது. முழு மலையும் பழுப்பு. ஹோட்டல் போயிற்று. சைஃபுல் சொல்கிறான், இப்போது தவுக்கே திரிங்காப்பில் இடம் பார்க்கிறாராம்.


ஜூன் 11

தொகுக்க ஒன்றும் இல்லை. வெட்டக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார். ஐந்து மணி நேரத்துக்கு மேல், அப்படியே. சத்தத்தை மட்டும் சரி செய்கிறார். மணியம்மாக்காவின் ஒரு வசவை நீக்கலாமா என்று என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றேன். என் முதல் கலை முடிவு.

தலைப்பு வைக்கவில்லை. "ஏழாம் நம்பர்" என்று மட்டும் போடச் சொன்னார்.


அக்டோபர் 12

கோலாலம்பூர். திறப்பு.

இருட்டறை. சுவர் முழுக்க மலை. வந்தவர்கள் நின்றார்கள், பார்த்தார்கள், போனார்கள். ஒரு இளைஞன் தன் தோழியிடம், "ஒண்ணும் நடக்கலையே" என்றான். இரண்டு பேரும் போன பிறகுதான் ஆட்கள் மேல் விளிம்பில் வந்தார்கள். பின்னால் ஓடிப்போய்க் கூப்பிடலாமா என்றிருந்தது.

தர்மேந்திரன் எஸ்டேட் பேருந்தில் லயத்து ஆட்களைக் கூட்டி வந்துவிட்டார். அறை திடீரென்று சந்தையானது.

"அங்க பாரு, அங்க பாரு, நீதான்!"

"நானா? இவ்ளோ மெதுவாவா நடக்குறேன்?"

"எப்பவும் அப்படித்தான் நடப்பே. கங்காணி கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியுது."

ஆண்டியப்பன் மீசை முறுக்கும் இடம் வந்ததும் கைதட்டல். கூடத்துக் காவலாளி எட்டிப் பார்த்தார்.

பனி வந்தது. வெள்ளைச் சுவர். நகரத்துக்காரர்கள் இந்த இடத்தில் கருவி பழுது என்று நினைத்து வெளியேறினார்கள். லயத்துக்காரர்கள் ஒருவர்கூட எழவில்லை. சத்தத்தை வைத்து யார் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். "இது காதரு மெஷின், இழுத்து இழுத்து ஓடும்." "இது நம்ம பார்வதி இருமல்." எனக்கு வெறும் வெள்ளை. அவர்களுக்கு மலை முழுக்கத் தெரிந்தது.

ராதாகிருஷ்ணன் வந்திருந்தார். பின்சுவரில் சாய்ந்து நின்றபடியே. கடைசி வரை. வெளியே வந்து விக்கியக்காவிடம், "ஒரு கட்டுகூட இல்ல. பைத்தியம் லா நீ" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்தப் பனியில நான் வெளிய போகணும்னு நினைச்சேன். போகல. ஏன்னு தெரியல" என்றார். அவர் இன்னொரு பாட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மணியம்மாக்கா அறையின் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார். தனியாக. திரையில் அவர் மலையின் இடது ஓரத்தில், நகத்தளவு. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நா இந்த மலைய எதிர்லேர்ந்து பாத்ததே இல்ல, பாய் மகளே" என்றார். "எப்பவும் அதுக்கு மேலதானே நிப்போம்."


அக்டோபர் 13

வியப்பதும் ஒரு வேலைதான். அதை ஒழுங்காகச் செய்தால்.


2025 ஜனவரி 21

அக்கா பினாங்கில். அடுத்த வேலைக்கு இடம் பார்க்கப் போயிருக்கிறார்.

மத்தியானக் கூட்டத்துக்கு நடுவில் மணியம்மாக்கா கடைக்குள் வந்தார். பூட்ஸ் முழுக்க மண். அம்மா தரையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"டைரக்டரம்மா எப்ப வர்றாங்க?"

"தெரியலக்கா. ஏன்?"

"அடுத்த மாசம் ஒம்பதாம் நம்பர் கவ்வாத்து. மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன், அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் கத்தி வைப்போம்னு."

அக்கா உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லையே என்றேன். அக்கா திரும்ப இங்கே ஏதாவது செய்வாரா என்பதே தெரியாது என்றேன்.

"கேக்கலைன்னா என்ன? நாங்க கேக்குறோம். ஆனா ஒம்பது வேணாம்னு சொல்லு. நேத்து லோரிய நிறுத்தச் சொல்லி எதிர் ரோட்டுல எறங்குனேன். நின்னு பாத்தேன். ஒம்பதுல தண்ணி பைப்பு குறுக்க ஓடுது, கண்ணு அங்கயே போவுது. பதினொன்னு நல்லா இருக்கு. பத்து மணிக்கு மேலதான் எடுக்கணும். அதுக்கு முன்னால அந்த மலைக்கு மூஞ்சியே இல்ல, ஒரே நெழலு."

நான் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன். சொன்னேன்.

"அவங்ககிட்ட குடு" என்றார்.

கொடுத்தேன். மணியம்மாக்கா சன்னல் மேசையில் உட்கார்ந்தார். அத்தா தே கொண்டுபோய் வைத்தார். அது ஆறி ஆடை கட்டிவிட்டது. அவர் கவனிக்கவில்லை. எதிரே பேங்க்கைப் பார்த்தபடி, ஒரு கையைக் காற்றில் நீட்டி, "இல்ல, இல்ல, நான் சொல்றதக் கேளுங்க, பதினொன்னுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.